நாளந்தா: பல்கலைக்கழகமா, பெரும்பள்ளியா?

அக்கா மகளுக்குப் பேச்சுப்போட்டி. தலைப்பு நாளந்தா. எழுதி வைத்திருந்த தாளை நீட்டி, "சித்தி, இதுல தப்பு ஏதும் இருக்கா பாருங்க" என்றாள். ஒரு பக்கம்தான். உலகின் முதல் பல்கலைக்கழகம். 10,000 மாணவர்கள், 2,000 பேராசிரியர்கள். எல்லோருக்கும் இலவசக் கல்வி. ஆரியபட்டர் அதன் தலைவர். 90 லட்சம் நூல்கள் மூன்று மாதம் எரிந்தன.

வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கும் இது வந்துவிடும். முழுப்பொய் என்று தள்ளவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உண்மை ஏதோ கொஞ்சம் இருக்கிறது, அதன் மேல் யாரோ ஒட்டிய அட்டையும் இருக்கிறது. எனக்கென்னவோ குழப்பம் அத்தனையும் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. அதைச் சொன்னதும் நுழைவுத்தேர்வு, செமஸ்டர், துணைவேந்தர், பட்டமளிப்பு விழா எல்லாம் தானாக மனதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நாளந்தாவில் இவை ஒன்றும் கிடையாது. அப்படியானால் அங்கே என்னதான் இருந்தது?

## பெயர் என்ன சொல்கிறது

பீகாரில் ராஜகிருகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நாளந்தா. அங்கே அகழ்ந்தபோது சுட்ட களிமண் முத்திரைகள் நிறையக் கிடைத்தன. நடுவில் ஒரு சக்கரம், இருபுறமும் ஒவ்வொரு மான், கீழே எழுத்து: நாளந்தா மகாவிகாரத்து பிக்கு சங்கத்தினுடையது. ஆக, அங்கே இருந்தவர்களே தங்கள் இடத்துக்கு வைத்த பெயர் மகாவிகாரம்.

விகாரம் என்றால் பௌத்தத் துறவிகள் சேர்ந்து தங்கும் இடம். மகாவிகாரம் என்றால் பெரிய விகாரம். பீகார் என்ற மாநிலப் பெயரே விகாரத்திலிருந்து வந்ததுதான். தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று ஏற்கெனவே உண்டு: பள்ளி. பள்ளிகொள்வது என்றால் படுப்பது. மதுரைப் பக்கம் மலைகளில் பாறையைச் செதுக்கிய சமணர் படுக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் துறவிகள் படுத்து உறங்கும் இடம் பள்ளி. சமணர், பௌத்தர் இருவருடைய உறைவிடங்களுக்கும் கல்வெட்டுகளில் இதுதான் பெயர். அங்கேயே எழுத்தும் சொல்லிக்கொடுத்ததால் பள்ளிக்கூடம் என்ற சொல் பிறந்தது என்பார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்த விகாரத்தைச் சோழர் காலச் செப்பேடு 'பெரும்பள்ளி' என்றே குறிப்பிடுகிறது. மகாவிகாரத்துக்கு இதைவிடச் சரியான தமிழாக்கம் எனக்குத் தெரியவில்லை.

## மழைக்கு ஒதுங்கிய இடம்

புத்தர் காலத்துத் துறவிகள் ஓரிடத்தில் தங்குபவர்கள் அல்ல, ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பார்கள். மழைக்காலத்திலும் நடந்தால் பச்சைப் பயிரை மிதிக்கிறார்கள், பூச்சி புழுவைக் கொல்கிறார்கள் என்று ஊரார் முணுமுணுத்தார்களாம். அதனால் மழைக்கு மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதி வந்தது. துறவிகளுக்கான இத்தகைய நடத்தை விதிகளின் தொகுப்புக்கு வினயம் என்று பெயர்.

மூன்று மாதத்துக்கு என்று போட்ட கூரை மெல்ல மெல்ல நிரந்தரமானது. நடுவில் முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், முற்றத்தில் கிணறு, வாசலுக்கு நேர் எதிரே புத்தர் சன்னதி. காரைக்குடிப் பக்கத்து வீட்டின் முற்றத்தை நினைத்துக்கொண்டு, சுற்றி இருக்கும் தாழ்வாரத்தில் முப்பது கதவுகளை வையுங்கள், ஏறத்தாழ அதுதான் விகாரம். நாளந்தாவில் இதுவரை இப்படிப்பட்ட 11 செங்கல் விகாரங்களும் 6 கோயில்களும் வெளிப்பட்டிருக்கின்றன. அறைகளில் படுக்க மேடை, சுவரில் மாடம், அவ்வளவுதான். முதலாவது விகாரத்தை இடிந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குகள் இருக்கின்றன.

5ஆம் நூற்றாண்டில் குப்த அரசன் முதலாம் குமாரகுப்தன் காலத்தில் இது தொடங்கியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஆக, சாணக்கியர் இங்கே படித்தார் என்று யாராவது சொன்னால் எழுநூறு வருஷம் இடிக்கும். ஆரியபட்டர் காலத்தால் பொருந்துவார். ஆனால் அவர் தன் நூலில் சொல்லும் ஊர் குசுமபுரம், அதாவது பாடலிபுத்திரம். நாளந்தாவை அவர் சொல்லவே இல்லை. தாளில் அந்த வரியை முதலில் அடித்தேன்.

## சாகாத முதலாளி

இனி வருவதுதான் கட்டுரையின் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வினயப்படி துறவி பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாது. மண்ணைத் தோண்டவும் கூடாது, எனவே உழவு இல்லை. நண்பகலுக்கு மேல் சாப்பிடக் கூடாது. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் சோறு எங்கிருந்து வரும்?

நம் ஊர்ச் சிவன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் நிலம் யாருடையது? குருக்களுடையதும் அல்ல, தர்மகர்த்தாவுடையதும் அல்ல, சுவாமியுடையது. குருக்கள் மாறுவார், தர்மகர்த்தா சாவார், சுவாமி பேரில் நிலம் அப்படியே இருக்கும். பௌத்தர்கள் இதே காரியத்தைச் சங்கத்தின் பேரில் செய்தார்கள். சங்கம் என்றால் துறவிகளின் கூட்டமைப்பு. ஆனால் நன்கொடை அளிக்கும்போது 'இன்ன பிக்குவுக்கு' என்று எழுதுவதில்லை. 'நான்கு திசைகளிலிருந்தும் வந்த, இனி வரப்போகிற சங்கத்துக்கு' என்ற கருத்தில் அளிப்பார்கள். இன்னும் பிறக்காத துறவிக்கும் அதில் பங்கு உண்டு. எந்தத் துறவியும் அதை விற்கவோ பங்கு பிரிக்கவோ முடியாது. ஒரு ஆசிரியர் இறந்தால் அவருடைய மாணவர்கள் தெருவுக்கு வர வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலன்.

தட்சசீலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இளவரசர்கள் தட்சசீலத்துக்குப் படிக்கப் போவார்கள். போனதும் ஆசிரியர் கேட்பது, "தட்சிணை கொண்டுவந்தாயா, இல்லை வேலை செய்து படிக்கப்போகிறாயா?" அது பேர்பெற்ற ஆசிரியர்கள் அவரவர் வீட்டில் சொல்லிக்கொடுத்த ஊர். எல்லோருக்கும் பொதுவான நிலமோ, பொதுவான நிர்வாகமோ அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. காலத்தால் நாளந்தாவுக்கு மிக முந்தியது என்றாலும் வகையே வேறு.

நிலம் எப்படிச் சோறாகியது என்பதற்கு அருமையான சாட்சி ஒரு செப்பேடு. 9ஆம் நூற்றாண்டில் சுமத்ராவை ஆண்ட பாலபுத்திரன் என்ற சைலேந்திர மரபு அரசன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்டினான். கட்டிடம் அவன் செலவு. ஆனால் கடல் தாண்டி இருப்பவன் தினசரிச் சாப்பாட்டை எப்படிப் பார்த்துக்கொள்வான்? அதற்காக வங்காளத்தையும் பீகாரையும் ஆண்ட பால மன்னன் தேவபாலனிடம் கேட்டான். தேவபாலன் ஐந்து ஊர்களின் வருவாயை எழுதிக் கொடுத்தான், நான்கு ராஜகிருகப் பகுதியில், ஒன்று கயைப் பகுதியில். எதற்கெல்லாம் என்றும் செப்பேடு சொல்கிறது: வழிபாட்டுக்கு, துறவிகளின் உணவுக்கு, உடைக்கு, படுக்கைக்கு, மருந்துக்கு, அறநூல்களை எழுதுவதற்கு, விகாரம் இடிந்தால் பழுதுபார்ப்பதற்கு. ஒரு கல்வி நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டமே அதில் இருக்கிறது.

இந்தக் கதையை நம் ஊர்க்காரர்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். சுமார் 1006இல் இதே சைலேந்திர மரபைச் சேர்ந்த அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் கட்டினான். அதன் பராமரிப்புக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். பெண்யானையை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்தார்கள். வருவாய் ஆண்டுக்கு 8,943 கலம் நெல்லும் சில்லறையும். இந்தத் தானத்தைப் பதிந்த செப்பேடு பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்விட்டதால் லெய்டன் செப்பேடு என்கிறோம். பௌத்தம், சமணம் சார்ந்த பள்ளிகளுக்கு இப்படிக் கொடுத்த நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். நாளந்தாவுக்குக் கிடைத்த ஐந்து ஊர்களில் ஒன்றின் பெயர் ஹஸ்திகிராமம், தமிழில் சொன்னால் யானையூர். இது வெறும் தற்செயல்தான், ஆனாலும் இரண்டு செப்பேட்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

வயலில் என்ன நடந்தது? 670களில் சீனாவிலிருந்து வந்து நாளந்தாவில் பத்தாண்டு தங்கிய இத்சிங் எழுதியிருக்கிறார்: நிலமும் மாடும் சங்கத்துடையது, உழுவது குடியானவர், விளைச்சலை ஆறு பங்காக்கி ஒரு பங்கு சங்கத்துக்கு. அவர் காலத்தில் நாளந்தாவுக்கு 200க்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தன என்கிறார். படிப்பின் பெருமையைப் பேசுகிற யாரும் அந்த 200 ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுடைய பெயரும் எதிலும் இல்லை.

இதுவரை பார்த்தது: நாளந்தா முதலில் ஒரு துறவியர் பள்ளி. ஆள் மாறினாலும் மாறாத சங்கத்தின் பேரில் ஊர்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது. அந்த நெல்தான் படிப்பவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நேரத்தை வாங்கிக் கொடுத்தது.

## நாழிகை வட்டிலும் வாத்தியாரும்

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் மணி அடிக்கும், குளிக்கப் போக. சுற்றிலும் பத்துக்கும் மேற்பட்ட பெரிய குளங்கள். நூறு பேர், சில சமயம் ஆயிரம் பேர் துண்டோடு கிளம்புவார்கள் என்று இத்சிங் எழுதுகிறார்.

நேரம் பார்க்க நாழிகை வட்டில். அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். நீர் ஏறி ஏறி அது மூழ்கினால் ஒரு கணக்கு. ஒரு தடவை மூழ்கினால் முரசில் ஓர் அடி, இரண்டாவது தடவைக்கு இரண்டு அடி, நான்காவதுக்கு நான்கு அடியோடு சங்கும் ஊதுவார்கள். இந்த வட்டில்களை அரசர்கள் தானமாகக் கொடுத்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ளும் பையன்களையும் சேர்த்து. எதற்கு இவ்வளவு கறார்? நண்பகல் தாண்டினால் சாப்பாடு கிடையாதே! மேகம் மூடிய நாளில் சூரியனை நம்பி உட்கார முடியாது.

படிப்பு பெரும்பாலும் வகுப்பறையில் நடக்கவில்லை. புதிதாகத் துறவு பூண்டவருக்கு ஒரு உபாத்தியாயர் உண்டு, அதாவது அவருக்குப் பொறுப்பேற்று உடனிருந்து பழக்கும் மூத்த துறவி. நம் வாத்தியார் இந்தச் சொல்லின் பேரப்பிள்ளைதான். மாணவர் முன்னிரவிலும் விடியலுக்கு முன்பும் உபாத்தியாயரிடம் போவார். அவர் உட்காரச் சொல்லி, நூலில் ஒரு பகுதியை எடுத்து, இந்த மாணவருக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சொல்லிக்கொடுப்பார். மாணவர் அவருக்குக் கைகால் பிடித்துவிடுவார், துணி மடிப்பார், அறையைக் கூட்டுவார். வினயத்தில் நன்றாகத் தேறி ஐந்து ஆண்டு ஆன பிறகே தனியாக இருக்க அனுமதி. பத்து ஆண்டு ஆன பிறகுதான் தானே உபாத்தியாயர் ஆகலாம். பட்டம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

இதற்கு மேல் பொது விரிவுரைகளும் இருந்தன. இத்சிங்குக்கு முன்பே சீனாவிலிருந்து நாளந்தா வந்து படித்த துறவி யுவான் சுவாங். அவருடைய வாழ்க்கையை எழுதிய சீடர், தினமும் நூறு இடங்களில் விரிவுரை நடந்ததாகச் சொல்கிறார்.

என்ன படித்தார்கள்? ஐந்து வித்தைகள் என்பார்கள்: சொல்லிலக்கணம், கைத்தொழிலும் கலைகளும், மருத்துவம், தர்க்கம், உள்ளத்தைப் பற்றிய அறிவு. கடைசியாகச் சொன்னதுதான் பௌத்தத் தத்துவம், மற்றவை அதற்குப் படிக்கட்டு. இலக்கணத்தில் பாணினி மனப்பாடம். இந்தியாவில் பொதுவாகவே எட்டு வயதில் பாணினி சூத்திரங்களைத் தொடங்குவார்கள், பதினைந்தில் அதன் பேருரைக்குப் போனால் முடிக்க ஐந்து ஆண்டு ஆகும் என்கிறார் இத்சிங். நாளந்தாவுக்கு வருகிறவர் இதையெல்லாம் முடித்துவிட்டு வருகிறவர். ஆக, அது தொடக்கப்பள்ளி அல்ல, உச்சிப்படி.

'எல்லோருக்கும் இலவசம்' என்பதற்கு வருவோம். விகாரங்களில் துறவியாக விரும்பிய பிள்ளைகள் ஒரு வகை, துறவு வேண்டாம், படிப்பு மட்டும் போதும் என்று வந்தவர்கள் இன்னொரு வகை. இத்சிங் தெளிவாகச் சொல்கிறார்: இரண்டாவது வகையினர் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் சொத்தில் அவர்களுக்குச் சோறு போடக் கூடாது. சங்கத்துக்கு உடலுழைப்பு செய்தால் அதற்கேற்பக் கொடுக்கலாம். காரணம் எளிது, தானம் கொடுத்தவர் கொடுத்தது சங்கத்துக்கு. விடுதிக் கட்டணம் கட்டு, இல்லையேல் வேலை செய். இலவசம் துறவிகளுக்குத்தான்.

## மலையில் நெருப்பு, அடுக்களையில் புகை

நாளந்தாவுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. மூலத்தில் இருப்பது இதுதான்: வெளியூரிலிருந்து வந்து வாதத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவரிடம் வாயில்காப்பவர் கடினமான கேள்விகளைக் கேட்பார், பத்தில் ஏழெட்டுப் பேர் பதில் சொல்ல முடியாமல் திரும்பிவிடுவார்கள். இது பரீட்சைத்தாள் இல்லை. கிராமத்துச் சடுகுடு ஆட்டத்தில் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளும் முன் ஒரு பாட்டம் இறங்கச் சொல்வார்களே, அந்த வகை.

வாதம் என்றால் மேடைப்பேச்சும் அல்ல. அதற்குக் கறாரான விதிகள் உண்டு, அவற்றின் படிப்புதான் ஐந்து வித்தைகளில் தர்க்கம். ஒரு கருத்தை ஏன் ஏற்க வேண்டும் என்பதற்குச் சரியான காரணம் எது, போலிக் காரணம் எது என்று பிரிப்பது அதன் வேலை. தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்க வடக்கே போகத் தேவையில்லை. மணிமேகலையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது இதே பாடம்தான். உதாரணமும் அங்கேயே இருக்கிறது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம், நிறுவ வேண்டிய கருத்து. புகை தெரிவதால்: இது ஏது, காரணம். அடுக்களையைப் போல: இது திட்டாந்தம், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எடுத்துக்காட்டு.

எளிதாகத் தெரிகிறதா? சரி, திருப்பிப் போட்டுப் பாருங்கள். மலையில் புகை இருக்கிறது, நெருப்பு இருப்பதால். இது நிற்குமா? நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. எதிராளி அந்த இரும்பை எடுத்து நீட்டினால் உங்கள் காரணம் விழுந்தது. நாளந்தாவின் தத்துவம் அத்தனையும் இப்படி எதிராளி நீட்டப்போகும் இரும்பை முன்கூட்டியே யோசித்து யோசித்து வளர்ந்தது. வைதிகர், சமணர், வேறு பிரிவுப் பௌத்தர் சொல்வதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களோடு வாதாட முடியாது, அதனால் வேதமும் சாங்கியமும் படித்தார்கள். 'எல்லாச் சமயங்களையும் சமமாகப் போதித்தார்கள்' என்று இதை இனிப்பாக்கிச் சொல்வதுண்டு. எதிர்த்தரப்பு வக்கீலின் வழக்குக் கட்டையும் படித்துவிட்டு வருவது போல என்றால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்தத் தர்க்கத்துக்கு வடிவம் கொடுத்த திக்நாகர் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நாளந்தாவின் தலைமை ஆசிரியர் தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர், ஒரு பெரிய அமைச்சரின் மகன், கல்யாணத்தன்று இரவே வீட்டை விட்டுக் கிளம்பியவர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். அந்தத் தர்மபாலரின் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவர்தான் யுவான் சுவாங். அவர் 630களில் நாளந்தா வந்தபோது சீலபத்திரருக்கு நூறு வயது தாண்டியிருந்ததாம்.

சுருக்கமாக: பாடம் உபாத்தியாயரிடம், பயிற்சி வாதத்தில், அங்கீகாரம் மற்றவர்கள் ஒப்புக்கொள்வதில். சான்றிதழ் எங்கும் இல்லை.

## ஓலையின் ஆயுள்

நூலகம் என்றதும் அலமாரிகளை நினைக்காதீர்கள். பனையோலைக்கு நம் தட்பவெப்பத்தில் ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான், அதுவும் எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டால். செல்லும் பூச்சியும் ஈரமும் ஓயாது. பழைய ஓலை உதிரும் முன் புதிதில் படியெடுத்தாக வேண்டும். அதனால் சுவடிச்சாலை என்பது பொருளைப் பூட்டிவைக்கும் பெட்டி மாதிரி இல்லை, தினமும் உலை எரிய வேண்டிய அடுப்பு மாதிரி. தேவபாலன் செப்பேட்டில் 'நூல் எழுதுவதற்கு' என்று தனியே பணம் ஒதுக்கியது இதற்குத்தான்.

இந்தப் படியெடுப்புதான் நாளந்தாவை வெளியே கொண்டுபோனது. யுவான் சுவாங் 645இல் சீனத் தலைநகர் சாங்கானுக்குத் திரும்பியபோது 20 குதிரைகளில் 657 நூல்களை ஏற்றி வந்தார். நாளந்தாவில் எழுதி ஓவியம் தீட்டிய பால மன்னர் காலத்துச் சுவடிகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

## எண்களை எப்படிப் படிப்பது

பத்தாயிரம் என்ற எண் யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அவருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து வந்து நெடுநாள் தங்கிய இத்சிங் சொல்வது மூவாயிரத்துச் சொச்சம். ஒரு விகாரத்தில் முப்பதைச் சுற்றி அறைகள், கண்டெடுத்த விகாரங்கள் 11. மாடிகளும் இன்னும் தோண்டாத பகுதிகளும் இருக்கின்றன என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் எனக்கு இத்சிங்கின் எண்தான் நம்பும்படி இருக்கிறது. அதுவே அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கும் கூட்டம். மூவாயிரம் பேரையும் ஓரிடத்தில் கூட்ட முடியாததால் மாலை வழிபாட்டுக்கு ஒருவரே கூடம் கூடமாகப் போய்த் தோத்திரம் ஓதிவிட்டு வருவாராம்.

பேராசிரியர் எண்ணிக்கை இன்னும் வேடிக்கை. இருபது நூல்தொகுதிகளை விளக்கக் கூடியவர் ஆயிரம் பேர், முப்பதை விளக்கக் கூடியவர் ஐந்நூறு, ஐம்பதை விளக்கக் கூடியவர் பத்துப் பேர், எல்லாவற்றையும் அறிந்தவர் சீலபத்திரர் ஒருவரே என்கிறது அந்த வரலாறு. இதைக் கூட்டி 1,510 ஆசிரியர்கள் என்று யாரோ எழுதினார்கள். அப்புறம் அது முழு எண்ணாகி இரண்டாயிரம் ஆகிவிட்டது. உண்மையில் இது சம்பளப் பட்டியல் அல்ல, தேர்ச்சியின் படிநிலை. முப்பது தொகுதி தெரிந்தவர் ஐம்பது தெரிந்தவரிடம் மாணவர், இருபது தெரிந்தவருக்கு ஆசிரியர்.

யுவான் சுவாங்குக்கு அங்கே ஒதுக்கிய தினப்படியை மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. எலுமிச்சை வகைப் பழம் 120, பாக்கு 20, ஜாதிக்காய் 20, கொஞ்சம் கற்பூரம், ஒரு படி மகாசாலி அரிசி. கறுப்பு மொச்சைப் பயறு அளவு பருமன், மகதத்தில் மட்டும் விளைவது, சமைத்தால் மணக்கும், அரசர்களுக்கும் பெரிய அறிஞர்களுக்கும் மட்டும் என்று அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். துறவியாக இருந்தாலும் நல்ல அரிசியை மறக்க முடியாது போல.

'முதல்' என்பதும் தேவையில்லாத பட்டம். அனுராதபுரத்து மகாவிகாரம் நாளந்தாவுக்கு ஏழு நூற்றாண்டு மூத்தது. பிறகு வந்த விக்கிரமசீலம், ஓதந்தபுரி, இன்றைய வங்கதேசத்தில் 177 அறைகளோடு நிற்கும் சோமபுரம் எல்லாம் இதே குடும்பம்தான். 11ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் போய் அங்கே பௌத்தத்தைத் திரும்ப நிலைநிறுத்திய அதீசர் விக்கிரமசீலத்திலிருந்து கிளம்பியவர்.

## மூன்று மாதம் எரிந்ததா?

1200ஐ ஒட்டி பக்தியார் கில்ஜியின் குதிரைப்படை மகதத்துக்குள் வந்தது. அந்தப் படையில் இருந்தவர்களிடம் சுமார் நாற்பது ஆண்டு கழித்துக் கேட்டு மின்ஹாஜ் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். இருநூறு குதிரை வீரர்கள் ஒரு கோட்டையைப் பிடித்தார்கள், உள்ளே இருந்த மொட்டைத்தலையர்களைக் கொன்றார்கள். ஏராளமான நூல்கள் கிடைத்தன. படித்துச் சொல்லச் சொன்னால் ஒருவரும் உயிரோடு இல்லை. அப்போதுதான் அது கோட்டை இல்லை, கல்விக்கூடம் என்று தெரிந்தது. குரூரமான பகுதி. ஆனால் இவர் சொல்லும் இடம் ஓதந்தபுரி என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நாளந்தா என்ற பெயர் அதில் இல்லை. நாளந்தாவின் நூலகம் எரிந்த கதை பிற்காலத் திபெத்திய நூல்களில் வருகிறது, அதில் நெருப்பு வைத்தவர்களாகச் சொல்லப்படுவதும் வேறு ஆட்கள். மூன்று மாதமும் 90 லட்சமும் உறுதியான ஆதாரமில்லாமல் பின்னால் சேர்ந்தவை.

அதனால் நாளந்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை, தாக்குதல் நடந்தது. அதைவிட, முன்னே சொன்ன அந்த ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஊர்களின் நெல் வந்தால்தான் அடுப்பு எரியும், ஓலை படியெடுக்கப்படும், இடிந்த சுவர் எழும்பும். தானத்தைக் காத்துவந்த பால அரசு 12ஆம் நூற்றாண்டிலேயே சரிந்துவிட்டது. அதற்கு மேல் படையெடுப்பும் வந்ததும், இடிந்ததைத் திரும்பக் கட்ட ஆளில்லை. ஒன்பது தடவை ஒரே இடத்தில் கட்டியவர்கள் பத்தாவது தடவை கட்டவில்லை. துறவிகள் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் போனார்கள், சுவடிகளும் கூடவே போயின.

கடைசிக் காட்சியைப் பார்த்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1230களின் நடுவில் தர்மசுவாமின் என்ற திபெத்தியத் துறவி நாளந்தா வந்தார். பெரியதும் சிறியதுமாகப் பல விகாரங்கள் இருந்தன, பெரும்பாலானவை பாழடைந்து கிடந்தன. நடுவில் ராகுலஸ்ரீபத்திரர் என்ற தொண்ணூறு வயது தாண்டிய ஆசிரியர் எழுபது மாணவர்களுக்கு வடமொழி இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர்களின் வருவாய் போய்விட்டது. ஓதந்தபுரியில் இருந்த ஜெயதேவன் என்ற பிராமண இல்லறத்தார்தான் அவருக்குச் சோறு அனுப்பிவந்தார். படைவீரர்கள் அந்த ஜெயதேவனைப் பிடித்துவைத்தார்கள். பிடிபட்ட இடத்திலிருந்தே அவர், "வீரர்கள் வருகிறார்கள், ஓடிவிடுங்கள்" என்று ஆள் சொல்லி அனுப்பினார்.

மாணவர்கள் ஓடினார்கள். கிழவரால் நடக்க முடியாது. தர்மசுவாமின் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார், கையில் கொஞ்சம் அரிசியும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு கோயிலுக்குப் போய் இருவரும் ஒளிந்துகொண்டார்கள். முந்நூறு வீரர்கள் வந்து தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.